மிண்டி கேலிங்: தனக்கான வேடத்தைத் தானே எழுதிக்கொண்டவர்

#1 இரவுக்காட்சி

மிண்டி கேலிங் என்றதும் நம்மில் பலர் அவர் உருவாக்கிய நெட்ஃப்ளிக்ஸ் தொடர் ‘நெவர் ஹாவ் ஐ எவர்’ பற்றிப் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தமிழ்க் குடும்பத்துக் கதை, அதனால் நமக்கு நெருக்கம், சரிதான். ஆனால் அவருடைய தொழில் வாழ்க்கையை முழுசாக எடுத்துப் பார்த்தால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. மாநிறம், ஒல்லியில்லாத உடம்பு, இந்திய முகம். இப்படி ஒரு பெண்ணைக் காதல் நகைச்சுவைத் தொடரின் நாயகியாகப் போட 2012-இல் எந்த அமெரிக்கத் தொலைக்காட்சியும் ஆள் தேடிக்கொண்டிருக்கவில்லை. எழுதத் தெரிந்ததால்தான் அவருக்கு அந்த வேடம் கிடைத்தது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. இயற்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். 1979-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். அப்பா தமிழர், கட்டடக் கலைஞர். அம்மா வங்காளி, மகப்பேறு மருத்துவர். இருவரும் நைஜீரியாவில் வேலை பார்த்தபோது சந்தித்துக்கொண்டவர்கள். மிண்டி டார்ட்மவுத் கல்லூரியில் நாடக எழுத்துப் படித்து 2001-இல் வெளியே வந்தார். நியூயார்க்கில் மேடை நகைச்சுவை செய்துகொண்டிருந்த நாட்களில் அறிவிப்பாளர்கள் சொக்கலிங்கத்தைச் சொல்லத் திணறியதால் கேலிங் ஆனார்.

2002-இல் தோழி பிரெண்டா விதர்ஸுடன் சேர்ந்து ‘மேட் அண்ட் பென்’ என்று ஒரு சின்ன நாடகம் எழுதினார். மேட் டேமனுக்கும் பென் அஃப்லெக்குக்கும் ஆஸ்கர் வாங்கித் தந்த திரைக்கதை, கூரையிலிருந்து பொத்தென்று அவர்கள் முன் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் கதை. இரண்டு ஆண் வேடங்களிலும் இந்த இரண்டு பெண்கள். மிண்டிதான் பென். நியூயார்க் ஃப்ரிஞ்ச் விழாவில் அது பரிசு வாங்கியது. அந்த நாடகம்தான் அமெரிக்க ‘தி ஆஃபீஸ்’ தொடரை உருவாக்கிய கிரெக் டேனியல்ஸின் கவனத்துக்கு அவரைக் கொண்டுபோனது. அந்தத் தொடரின் எழுத்தாளர் குழுவில் சேர்ந்தபோது வயது 24. எட்டுப் பேர் கொண்ட குழுவில் அவர் ஒருவர்தான் பெண்.

நடிக்க வாய்ப்புக் கேட்டு அலைந்து, அலுத்து, பிறகு எழுத வந்தவர் என்று சிலர் எழுதுகிறார்கள். வரிசையைப் பாருங்கள். முதலில் வந்தது எழுத்து, வேடம் அதன் பின்னால்தான் வந்தது. இதைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


#2 பின்னிருக்கை

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. ‘தி ஆஃபீஸ்’ கெல்லி கபூர் வேடத்தை வைத்து அவரை எடைபோட முடியாது. முதல் பருவத்தின் இரண்டாம் பகுதியில், அலுவலக மேலாளர் மைக்கேல் ஸ்காட்டின் கன்னத்தில் ஒரு அறை விடத்தான் கெல்லி வருகிறாள். அப்புறம் அந்தப் பாத்திரம் வளர்கிறது, வாய் ஓயாத, காதல் பைத்தியம் பிடித்த பெண்ணாக. சிரிப்பாக இருக்கும். ஆனால் ஓரத்து வேடம்தான்.

அதே நேரத்தில் அவர் எழுதிய பகுதிகளைப் பாருங்கள். ‘தி டண்டீஸ்’ அவருடையது. மைக்கேல் காலைச் சுட்டுக்கொண்டு அலுவலகத்தையே ஆட்டிப்படைக்கும் ‘தி இஞ்சுரி’ அவருடையது. ஜிம், பாம் கல்யாணம் நடக்கும் ‘நயாகரா’வை கிரெக் டேனியல்ஸுடன் சேர்ந்து எழுதினார், அதற்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருதில் எழுத்துப் பிரிவில் பரிந்துரை கிடைத்தது. அந்தத் தொடரின் உயிரோட்டமான சில பகுதிகளை எழுதியவர், அதில் தனக்கென்று எழுதிக்கொண்டது குறைவு. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கையில் பேனா இருக்கிறதே என்று கெல்லிக்குக் காட்சிகளை அள்ளிப் போட்டுக்கொள்ளவில்லை. கதைக்கு மைக்கேல் தேவை என்றால் மைக்கேல்.


#3 தாள்பேனா

இங்கே ‘தயாரிப்பாளர்’ பற்றி ஒரு விளக்கம் சொன்னால் பேச்சு தெளிவாகும். நம் பக்கத்தில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரும்பாலும் அது எழுத்தாளருக்குத் தரும் பதவி உயர்வு. புதிதாகச் சேர்கிறவர் ஸ்டாஃப் ரைட்டர். பிறகு ஸ்டோரி எடிட்டர், கோ-புரொட்யூசர், புரொட்யூசர், சூப்பர்வைசிங் புரொட்யூசர் என்று ஏறி, உச்சியில் எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசர். ஒவ்வொரு படியிலும் பொறுப்பு கூடும்: நடிகர் தேர்வில் உட்காருவது, படப்பிடிப்பில் வசனத்தை மாற்றுவது, எடிட்டிங் பார்ப்பது. மொத்தத்தையும் கட்டி இழுப்பவர் ஷோரன்னர். மிண்டி ‘தி ஆஃபீஸ்’ தொடரில் கீழ்ப்படியில் தொடங்கி, இந்த ஏணியில் ஏறித்தான் சொந்தத் தொடருக்கு வந்தார்.

எல்லோரும் உட்கார்ந்து பேசும் அறைக்கு ரைட்டர்ஸ் ரூம் என்று பெயர். பலகையில் கதையைக் காட்சி காட்சியாக உடைத்து எழுதுவார்கள். ஒருவர் அதைத் திரைக்கதையாக்கிக் கொண்டுவருவார். மறுபடி எல்லோரும் சேர்ந்து கிழித்துத் தைப்பார்கள். நகைச்சுவைத் தொடரில் ஒரு சிரிப்புக்குப் பத்து மாற்று எழுதிப்பார்ப்பது சாதாரணம். அந்த அறையிலிருந்து எழுந்து போய் கேமரா முன்னால் நின்று அதே வசனத்தைப் பேசிவிட்டு, திரும்ப வந்து அடுத்த வாரக் கதையில் உட்காருவதுதான் நடிகை-எழுத்தாளரின் நாள். வருடத்துக்கு இருபதுக்கு மேற்பட்ட பகுதிகள் எடுக்கும் பழைய தொலைக்காட்சி முறையில் இது உடம்பைத் தின்னும் வேலை.

இந்த மூன்று வேலையையும் சேர்த்துச் செய்ததற்கு அவர் ஒரு விலையும் கொடுத்தார். ‘தி ஆஃபீஸ்’ எம்மிக்குப் பரிந்துரையானபோது, தயாரிப்பாளர் எண்ணிக்கை அதிகம் என்று சொல்லி அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கப் பார்த்தார்கள். தான் என்னென்ன செய்தேன் என்று விளக்கி அவர் கட்டுரை எழுதவேண்டி வந்தது. சக தயாரிப்பாளர்களிடம் கடிதம் வாங்கிக் கொடுக்கவேண்டி வந்தது. 2019-இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் இதைச் சொன்னார். யாரையும் தனியாகக் குறிவைக்கவில்லை, நடித்துக்கொண்டோ எழுதிக்கொண்டோ தயாரிப்பாளராகவும் இருந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டோம் என்று எம்மி வழங்கும் தொலைக்காட்சி அகாதெமி பதில் சொன்னது. இல்லை, என்னை மட்டும்தான் என்று அவர் திருப்பிச் சொன்னார். கடைசியில் பெயர் பட்டியலில் இடம்பெற்றது. ஆனாலும் படிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. திரையில் முகம் தெரிகிற ஒரே காரணத்தால் ஒரு பெண் எழுதியதற்குச் சாட்சி கேட்பார்களா?


#4 மஞ்சள்விளக்கு

தாள்பேனா, நல்ல விளக்கம், நன்றி. நம் ராதிகாவை இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. ராடான் நிறுவனத்தை வைத்துக்கொண்டு 1999-இல் சன் டிவியில் ‘சித்தி’யை ஆரம்பித்தவர், அதில் நடித்தவர், பிறகு ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘வாணி ராணி’ என்று வரிசையாக. ஆனால் அவர் அங்கே எழுத்தாளர் இல்லை; கதை, வசனம், இயக்கம் எல்லாம் வேறு ஆட்கள். அவருடைய பலம் வியாபாரத்தில். சேனலிடம் நேரத்தை வாங்கி, விளம்பரத்தை விற்று, லாப நட்டத்தைத் தன் தலையில் சுமந்தவர்.

மிண்டி நேர் எதிர். அவர் உருவாக்கி நடித்த ‘தி மிண்டி ப்ராஜெக்ட்’ தொடர் ஃபாக்ஸ் சேனலில் வந்தது, ஆனால் எடுத்தது யுனிவர்சல் டெலிவிஷன். அவருடைய கேலிங் இண்டர்நேஷனல் பெயரும் இருக்கும். ஆனால் பணமும் ஆபத்தும் ஸ்டூடியோவுடையது. ஒருவர் எழுதாமல் முதலாளி ஆனார், இன்னொருவர் முதலாளி ஆகாமல் தன் கதைக்கு ராணி ஆனார். இரண்டில் எது நடிகைக்கு அதிகப் பாதுகாப்பு?


#5 இரவுக்காட்சி

மஞ்சள்விளக்கு, இந்தக் கேள்விக்காகவே இழையைத் தொடங்கியது வீண்போகவில்லை.

என் பதில்: எழுத்து கையில் இருந்தால் வேடத்தை யாரும் தட்டிப் பறிக்க முடியாது, தொடரை நிறுத்த முடியும். ‘மிண்டி ப்ராஜெக்ட்’ விஷயத்தில் இரண்டுமே நடந்தது. என்பிசி சேனல் அந்த எழுத்தைப் படித்துவிட்டு வேண்டாம் என்றது, ஃபாக்ஸ் எடுத்துக்கொண்டது. 2012 செப்டம்பரில் தொடங்கியது. மூன்று பருவம் கழித்து 2015-இல் ஃபாக்ஸ் கைவிட்டது. உடனே இணையவழித் தளமான ஹூலு எடுத்துக்கொண்டு இன்னும் மூன்று பருவம் கொடுத்தது. 2017 நவம்பரில் முடிந்தபோது மொத்தம் 117 பகுதிகள். இரண்டு முறை கதவு சாத்தப்பட்டு இரண்டு முறை திறந்த தொடர்.

உரிமை பற்றிப் பேசும்போது மிக்கேலா கோயலைச் சொல்லாமல் விட முடியாது. பிரிட்டிஷ் நடிகை, எழுத்தாளர். ‘ஐ மே டெஸ்ட்ராய் யூ’ தொடருக்கு நெட்ஃப்ளிக்ஸ் 10 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. பதிப்புரிமையில் ஒரு சின்னப் பங்காவது எனக்கு இருக்கட்டும் என்று கேட்டார்; ஐந்து சதவீதத்தில் தொடங்கி அரை சதவீதம் வரை இறங்கி வந்தார். முடியாது என்றார்கள். தொகையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு பிபிசிக்குப் போனார். அங்கே உரிமையும் கிடைத்தது, எழுத்தில் முழுச் சுதந்திரமும் கிடைத்தது. தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையிலிருந்து பிறந்த கதை அது. அதை எப்படி இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பார்? 2021-இல் அந்த எழுத்துக்கு எம்மி வாங்கினார்.


#6 கோடைமழை

இந்தப் பட்டியலில் கெர்ட்ரூட் பெர்க் பெயரைச் சேர்க்க வேண்டும். பலருக்குத் தெரிந்திருக்காது. 1929-இல் அமெரிக்க வானொலியில் ‘தி கோல்ட்பெர்க்ஸ்’ என்ற யூதக் குடும்பக் கதையைத் தொடங்கினார். எழுதியதும் அவர், தயாரித்ததும் அவர், தாய் மாலியாக நடித்ததும் அவர். 1949-இல் அது தொலைக்காட்சிக்கு வந்தது. நாயகிக்கான எம்மி வாங்கினார். ஆக இந்த மரபு மிண்டி, டீனா ஃபே, ஃபீபி வாலர்-பிரிட்ஜ், ஈசா ரே காலத்தில் முளைத்ததில்லை.

அவர் கதையில் என்னை உலுக்கிய பகுதி வேறு. கணவராக நடித்த ஃபிலிப் லோப் மீது கம்யூனிஸ்ட் முத்திரை குத்தி, அவரை நீக்கச் சொல்லி விளம்பரதாரரிடமிருந்து நெருக்கடி வந்தது. பெர்க் முடியாது என்று நின்றார். அதன் விலையாக நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொடரே சிபிஎஸ் சேனலிலிருந்து போனது. பின்னால் லோப் விலகிய பிறகுதான் வேறு சேனலில் திரும்ப வர முடிந்தது. எழுதி, நடித்து, தயாரிக்கும் ஒரு பெண்ணிடம் இவ்வளவு அதிகாரம் இருந்தும், பணம் கொடுப்பவர் முகம் திருப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.


#7 கேள்விக்குறி

எல்லோரும் பாராட்டுகிறீர்கள், நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். மிண்டியின் நாயகிகள் எல்லோரும் வெள்ளைக்காரப் பையன்கள் பின்னால்தான் ஓடுகிறார்கள். ‘மிண்டி ப்ராஜெக்ட்’ நாயகி மிண்டி லஹிரிக்கு வந்த காதலர்களில் பெரும்பாலானவர்கள் வெள்ளையர். ‘தி செக்ஸ் லைவ்ஸ் ஆஃப் காலேஜ் கேர்ள்ஸ்’ தொடரில் வரும் பேலாவிடமும் அதே தாகம். ‘வெல்மா’ என்ற அனிமேஷன் தொடரும் அப்படித்தான் தொடங்குகிறது. இந்தியப் பெண் தன்னைத்தானே வெறுப்பதாகவும், வெள்ளையன் விரும்பினால்தான் தன் மதிப்பு கூடும் என்று நினைப்பதாகவும் காட்டுவது ஒரு முறை என்றால் பாத்திரம். ஒவ்வொரு தொடரிலும் என்றால்? எழுதும் உரிமை கையில் இருப்பவர் அதை வைத்து என்ன எழுதுகிறார் என்றும் கேட்க வேண்டாமா?


#8 பின்னிருக்கை

கேட்கத்தான் வேண்டும். நியாயமான கேள்வி. ஆனால் அவர் இதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

‘மிண்டி ப்ராஜெக்ட்’ நான்காம் பருவத்தில் ‘பெர்னார்டோ அண்ட் அனிதா’ என்றொரு பகுதி. ஓர் இந்திய அமெரிக்கனைச் சந்திக்கிறாள். நீ வெளியே பழுப்பு, உள்ளே வெள்ளை என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறான். அவள் துடித்துப்போய், தன் குழந்தைக்கு மொட்டையடிக்கும் சடங்கு செய்ய ஏற்பாடு பண்ணுகிறாள். தன் மீது வந்த குற்றச்சாட்டை எடுத்துத் தன் பாத்திரத்தின் மேலேயே போட்டுப் பார்த்தார். ஐந்தாம் பருவத்தில் இன்னொன்று: பதவி கைநழுவிய மறுநாள் அவள் ஒரு வெள்ளைக்கார ஆணாக எழுகிறாள், உலகம் எவ்வளவு சுலபமாகக் கதவு திறக்கிறது என்று பார்க்கிறாள். சின்னக் கதைதான், ஆனால் அதில் கோபம் இருக்கிறது.

2014-இல் ஒரு விழா மேடையில் இதே மாதிரிக் கேள்வி வந்தது: உங்கள் தொடரில் ஏன் நிறத்தவர் இன்னும் அதிகம் இல்லை? அவர் கொதித்துப்போனார். சொந்தத் தொடர் வைத்திருக்கும் ஒரே இந்தியப் பெண்ணிடம் இதைக் கேட்கிறீர்கள், முழுக்க வெள்ளையர்களை வைத்து எடுப்பவர்களிடம் கேட்பதில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஒருத்தி தலையில் ஒரு துணைக்கண்டத்தையே ஏற்றிவைத்தால் அவள் எப்படிச் சிரிப்புக் கதை எழுதுவாள்?


#9 கேள்விக்குறி

கோபம் புரிகிறது, ‘பெர்னார்டோ அண்ட் அனிதா’வும் நல்ல பகுதி. ஆனால் 2016-இல் அதை எடுத்தவர், 2021-லும் 2023-லும் அதே மாதிரிப் பெண்ணை மறுபடி மறுபடி கொண்டுவருகிறார் என்பதில் நான் மாறவில்லை. ‘வெல்மா’வைப் பார்வையாளர்கள் கடுமையாகத் திட்டினார்கள். அதில் இனவெறுப்பும் கலந்திருந்தது, அதை ஒதுக்கிவிடுகிறேன். ஒதுக்கிய பிறகும் எழுத்து பலவீனம்தான். அதை உருவாக்கியவர் சார்லி கிராண்டி என்றாலும், குரல் கொடுத்தவரும் தயாரிப்பாளர்களில் ஒருவரும் மிண்டி.


#10 நித்திலம்

நான் ‘நெவர் ஹாவ் ஐ எவர்’ பக்கம் நின்று ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இழையின் முதல் வரியிலேயே அது ஓரமாகத் தள்ளப்பட்டது எனக்கு வருத்தம்.

அதன் நாயகி தேவி விஸ்வகுமார் வேடத்துக்கான தேர்வுக்கு 15,000 பேர் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது கனடாவின் மிஸ்ஸிஸாகாவைச் சேர்ந்த ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகளான மைத்ரேயி ராமகிருஷ்ணனுக்கு. அப்போது வயது 17. அதுவரை திரையில் தலைகாட்டாத பெண். 2020-இலிருந்து 2023 வரை நான்கு பருவம், 40 பகுதிகள் அவர் தோளில்தான் நின்றன. மிண்டி நினைத்திருந்தால் அம்மா நளினி வேடத்தை எடுத்துக்கொண்டிருக்கலாம். பூர்ணா ஜகந்நாதனுக்குக் கொடுத்தார், அவர் அதைக் கொண்டாடிவிட்டார்.

தொடரில் தமிழ் பேசுவது குறைவு, அது எனக்கும் குறைதான். ஆனால் அப்பா செத்த துக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆத்திரமாகத் திரியும் ஒரு பெண். அவளை அடக்கத் தெரியாமல், தானும் அழ முடியாமல், இறுகிப்போன ஒரு தாய். இது வெள்ளைக்காரப் பையன் கதையா? தேவி ஆசைப்படும் பையன் பாக்ஸ்டன் வெறும் சாக்கு. மிண்டியின் அம்மா 2012 ஜனவரியில் கணையப் புற்றுநோயால் இறந்தார், அதாவது ‘மிண்டி ப்ராஜெக்ட்’ உருவாகிக்கொண்டிருந்த அதே நாட்களில். அந்தத் தொடரின் நாயகியை மகப்பேறு மருத்துவராக வைத்ததும் அம்மாவை நினைத்துத்தான். எட்டு வருஷம் கழித்து, துக்கம் நேரடியாகக் கதைக்குள் வந்தது. ஒரே எழுத்தாளர், ஒரே இழப்பு, முதல் முறை மருத்துவரின் வெள்ளைக் கோட்டு, இரண்டாம் முறை காலியான அப்பா நாற்காலி. இதைப் பார்க்காமல் காதலர்களின் நிறத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பாதிதான் பார்த்தோம்.


#11 இரவுக்காட்சி

நித்திலம், மனசில் நிற்கிற பதிவு. தொடரை ஓரமாகத் தள்ள நினைக்கவில்லை, அதில் அவர் நடிக்கவில்லை என்பதுதான் என் உறுத்தல். அங்கிருந்துதான் அடுத்த பேச்சைத் தொடங்க விரும்புகிறேன்.

2018-க்குப் பிறகு மிண்டி நடிப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தார். ‘காலேஜ் கேர்ள்ஸ்’, ‘ரன்னிங் பாயிண்ட்’ எல்லாம் அடுத்தவர்களுக்காக எழுதி, எடுத்தவை. நடுவில் 2019-இல் ‘லேட் நைட்’ படம் மட்டும் விதிவிலக்கு. எழுத்து, தயாரிப்பு, ஒரு முக்கிய வேடம் மூன்றும் அவர். இயக்கம் நிஷா கணாத்ரா. சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அமேசான் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு அமெரிக்க உரிமையை வாங்கியது. முழுக்க ஆண்கள் இருக்கும் எழுத்தாளர் அறைக்குள், ஒதுக்கீட்டில் வந்தவள் என்ற முத்திரையோடு நுழையும் மோலி பட்டேல்தான் அவர் வேடம்.

அந்த முத்திரை அவருடைய சொந்த அனுபவம். ‘தி ஆஃபீஸ்’ வேலையே என்பிசியின் பன்முகத்தன்மைத் திட்டம் வழியாகத்தான் கிடைத்தது. அதை நினைத்துப் பல வருடம் வெட்கப்பட்டதாகவும், மற்றவர்களுக்கு ஆள் பழக்கத்தால் கிடைத்த நுழைவுதான் தனக்குத் திட்டத்தால் கிடைத்தது என்று பிறகு புரிந்ததாகவும் சொல்லியிருக்கிறார். ‘லேட் நைட்’ பார்க்கும்போது அந்த வெட்கம் மோலியின் தோள்களில் தெரியும். இதை வேறு யார் எழுதி, வேறு யார் நடித்திருந்தாலும் இப்படி வந்திருக்காது. அதனால்தான் அவர் எழுதிய வரியை அவரே பேசும்போதுதான் உச்சத்தில் இருக்கிறார் என்று நம்புகிறேன்.


#12 தாள்பேனா

நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். நடிகையாக இருப்பதற்கு வயசும் உருவமும் காவல் நிற்கும் ஒரு தொழிலில், அவர் தன்னை அந்தக் கணக்கிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டார். ‘மிண்டி ப்ராஜெக்ட்’ எழுத்தாளர் அறையிலிருந்து லாங் ஃபிஷர் வந்து ‘நெவர் ஹாவ் ஐ எவர்’ தொடரை அவரோடு சேர்ந்து உருவாக்கினார். ‘ரன்னிங் பாயிண்ட்’ கூட்டாளிகள் ஐக் பாரின்ஹோல்ட்ஸும் டேவிட் ஸ்டாஸனும் அங்கிருந்து வந்தவர்களே. ஒரு தொடர் ஒரு பட்டறையாக மாறி, அதிலிருந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டே இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் வெள்ளை மாளிகையில் தேசியக் கலைப் பதக்கம் கொடுத்தபோது நடிப்பை மட்டும் வைத்துக் கொடுத்திருக்க மாட்டார்கள்.


#13 மஞ்சள்விளக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு முதல்முறை பார்க்க உட்காரும் ஒருவருக்கு எங்கிருந்து தொடங்கச் சொல்வீர்கள்? என் தங்கை கேட்கிறாள். அவளும் எழுதுகிறாள், கல்லூரி நாடகங்களில் நடிக்கிறாள்.


#14 இரவுக்காட்சி

தங்கைக்கு என்றால் வரிசை இதுதான். முதலில் ‘தி ஆஃபீஸ்’ தொடரில் ‘தி இஞ்சுரி’. இருபது சொச்சம் நிமிடத்தில் ஒரு சின்னக் காயத்தை வைத்து ஒரு அலுவலகம் முழுவதையும் எப்படி அசைக்கலாம் என்று பார்க்கட்டும். அடுத்து ‘லேட் நைட்’. பிறகு ‘மிண்டி ப்ராஜெக்ட்’ இரண்டாம் பருவம். முதல் பருவத்தில் துணைப் பாத்திரங்கள் வருவதும் போவதுமாகத் தடுமாறும், அதைக் கடைசியில் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். அதில் உடன் நடித்த கிறிஸ் மெஸினாவோடு மிண்டி வாய்ச்சண்டை போடும் காட்சிகளை இரண்டு தடவை பார்க்கச் சொல்லுங்கள், ஒரு தடவை நடிப்புக்காக, ஒரு தடவை வசனம் எங்கே வெட்டப்படுகிறது என்பதற்காக.


#15 நித்திலம்

அதோடு ‘நெவர் ஹாவ் ஐ எவர்’ முதல் பருவத்துக் கடைசிப் பகுதியும் சேர்க்கவும். அப்பாவின் அஸ்தியைக் கடலில் கரைக்கும் காட்சியில் மைத்ரேயியும் பூர்ணாவும் என்ன செய்கிறார்கள் என்று எழுதுகிற பெண் பார்த்தே ஆக வேண்டும். மஞ்சள்விளக்கு, தங்கை பார்த்த பிறகு அவள் கருத்தை இங்கே வந்து எழுதச் சொல்லுங்கள், கேள்விக்குறியோடு சண்டை போட எனக்கு ஆள் வேண்டும்.